உப்புப் போடாத செங்குவாங் பச்சடி

கறுக். கறுக். கறுக்.

போன வாரம், மழை விட்ட ஒரு சாயங்காலம், மூவார் ஆற்றங்கரைத் தெருவில் நடந்துகொண்டிருந்தேன். ரோஜாக் என்கிற காய்க்கலவை விற்கிற மலாய்க்காரர் ஒருவர் தள்ளுவண்டிப் பலகைமேல் செங்குவாங் கிழங்கை நறுக்கிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம்தான். கத்தி இறங்கும்போது பச்சைக் கிழங்கு போடுகிற அந்தச் சின்னக் கூச்சல்.

காதில் விழுந்ததும் பல் கூசியது. பல்லை அடுத்து நெஞ்சு. நெஞ்சை அடுத்து, எத்தனையோ வருஷமாக என்னோடு ஒரே பாயில் படுத்து எழுந்திருக்கிற கோபம். எனக்குக் காதோரம் நரைத்துவிட்டது. அதற்கு ஒரு முடிகூட நரைக்கவில்லை.

நான் நாக்கு ஊறி நிற்பதாக நினைத்து ரோஜாக்காரர் ஒரு துண்டை நீட்டினார். வாங்கிக்கொண்டேன். தின்றுகொண்டே நடந்தேன். கோபமும் கூடவே நடந்து வீடுவரை வந்துவிட்டது. ஆகவே இந்த வாரம் சாந்தமாக எதையும் எழுதுவதாக இல்லை.

அஞ்சலையின் கை

செங்குவாங்கை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மண்ணாங்கட்டிக்கும் பம்பரத்துக்கும் பிறந்த பிள்ளை மாதிரி இருக்கும். தோலின் நுனியைக் கிள்ளி இழுத்தால் நனைந்த சட்டையைக் கழற்றுவது போல உரிந்து வரும். உள்ளே வெள்ளை. கடித்தால் பாதி தண்ணீர், பாதி சத்தம்.

தங்காக்குக்கு வெளியே, குனோங் லேடாங் மலை காலையில் நீலமாகவும் மாலையில் கறுப்பாகவும் தெரிகிற ஒரு ரப்பர்த் தோட்டத்தில் நாங்கள் இருந்தோம். எனக்கும் என் மனைவி அஞ்சலைக்கும் கல்யாணமான புதிது. இருவரும் பால்மரம் வெட்டினோம், பட்டையைக் கீறிப் பால் எடுக்கிற வேலை. விடியற்காலையில் போய், வெயில் ஏறிய பிறகு பால் வாளியோடு திரும்பினால் அடுப்பு மூட்ட யாருக்குத் தெம்பு இருக்கும்? அப்போது கைகொடுப்பது செங்குவாங்.

அஞ்சலை அதைத் தீக்குச்சி கனத்துக்கு நறுக்குவாள். கூடவே கொல்லையில் விளைந்த வெள்ளை முள்ளங்கி கொஞ்சம். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கொத்துமல்லி, ஒரு பிடி தேங்காய்ப்பூ. பக்கத்து மலாய்க் கிராமத்தில், கம்பத்து வேலியில் காய்க்கிற குட்டி எலுமிச்சையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிழிவாள். ஏன் அவ்வளவு உயரம் என்று கேட்டால், “அப்பத்தான் புளிப்பு பரவும்” என்பாள். பொய். அவளுக்கு வேடிக்கை காட்டப் பிடிக்கும்.

உப்பு கடைசியில்தான். உப்பு பட்டதும் முள்ளங்கியின் காரம் அடங்கும், கிழங்கு கண் கலங்கினாற்போல நீர் விடும். அந்த நீர் மங்குக் கிண்ணத்தின் அடியில் இறங்குவதற்குள் தின்றுவிட வேண்டும். உப்பு இல்லையென்றால் அது பச்சடி இல்லை. நறுக்கிப் போட்ட காய், அவ்வளவுதான்.

இப்போதும் அவள்தான் என் வீட்டில் நறுக்குகிறாள். சமையலில் அவளுக்கு அன்றைக்கு இருந்த கர்வம் ஒரு குன்றிமணி குறையவில்லை.

பெரட்டுக் களத்தில் ஒரு வாக்கு

எங்கள் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கிற லயங்கள் வரிசையாக நின்றன. ஆற்றை ஒட்டின கடைசி லயத்தில் நாங்கள். “நாங்கள்” என்றால் யார் என்று கேட்காதீர்கள். கடைசியில் எவரை வைப்பார்கள் என்பது நம்மவர்கள் எல்லாருக்கும் தெரியும்.

மாரியம்மன் திருவிழாவுக்கு நாங்களும் எல்லாரையும் போலத்தான் வரி கொடுத்தோம். பந்தல் கால் நட்டது எங்கள் ஆட்கள். விறகு பிளந்தது எங்கள் ஆட்கள். சாப்பாட்டு நேரம் வந்தால் மட்டும் எல்லாரும் கோவில் முற்றத்தில் பந்தியில் உட்காருவார்கள், நாங்கள் கால்வாய்க்கு அந்தப் பக்கம் காத்திருப்போம். பந்தி முடிந்து, இலை எடுத்து, முற்றம் கழுவி, அதன் பிறகு எங்கள் தட்டில் வந்து விழும். சோறு ஆறிப் போயிருக்கும். எனக்கு ஆறவில்லை.

நாலு எழுத்து தெரிந்த காரணத்தால் தோட்டத்து வாசகசாலைக்கு என்னைச் செயலாளராக வைத்திருந்தார்கள். வாசகசாலை என்றால் ஓலைக் கொட்டகை, ஒரு பெஞ்சு, பழைய பத்திரிகைகள். சாதி ஒழிய வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசி வந்த ஒரு பிரசங்கியாரை மூவாரிலிருந்து வரவழைத்தேன். அவர் பெயரை எழுத மாட்டேன். அவர் பேசினால் பால்மரம்கூடக் கூடுதலாகச் சுரக்கும் என்று அப்போது சொல்வார்கள்.

செய்தி தெரிந்ததும், வேலையிலும் கோவில் காரியத்திலும் முதல் ஆளான பெரிய கங்காணி என்னைப் பிடித்துக்கொண்டார். காலையில் ஆள் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக் களம். எல்லா லயத்து ஆட்களும் வாளியோடு நிற்கிறார்கள்.

“என்னா தம்பி, மூவார்லேருந்து பெரிய பிரசங்கி வர்றாராமே?”

“ஆமாங்க.”

“சாதியே கிடையாதுன்னு பேசுவாராமே?”

“அதுக்குத்தான் வர்றாரு.”

“பேசட்டும் லா. காத்துக்கு என்னா வரியா கேக்கப் போறோம்?” கூட்டம் சிரித்தது. சிரிப்பு கிடைத்தால் கங்காணிக்கு மேலும் இரண்டு வார்த்தை ஊறும். “ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. அந்த மனுசன் உன் வீட்டுல உக்காந்து கை நனைச்சுட்டுப் போகட்டும். இந்தத் திருவிழாவுல எல்லாரும் ஒரே பந்தி. நானே உன் பக்கத்துல இலை போட்டு உக்கார்றேன். போதுமா?”

பெண்கள் பக்கத்திலிருந்து அஞ்சலையின் குரல் வந்தது.

“எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்ல? நாளைக்குக் கங்காணியாருக்கு மறதி வியாதி வந்துட்டா நீங்கதான் மருந்து குடுக்கணும்.”

இந்தத் தடவை சிரிப்பு அவர் பக்கம் போகவில்லை.

கப்பலில் தொலைந்த சாமான்

இந்த இடத்தில் என் அப்பா சொன்ன ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது.

நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினவர்கள் எல்லாருக்கும் மேல்தளத்தில் ஒரே கொப்பரையில் சோறு. அலை தூக்கிப் போட்டதில் இவன் வாந்தி அவன்மேல், அவன் தலை இவன் மடிமேல். சிங்கப்பூருக்கு எதிரே தீவில் இறக்கி, மருந்துத் தண்ணீரில் முக்கி எடுத்து, வரிசையாக உட்காரவைத்து, ஒரே வாளியிலிருந்து கஞ்சி ஊற்றினார்கள். எவனும் எவனையும் கேட்கவில்லை, நீ எந்தத் தெரு என்று.

சாதியைக் கப்பலிலேயே தொலைத்துவிட்டோம் என்று அப்பா நினைத்தாராம். தோட்டத்துக்கு வந்து பார்த்தால் அது இவர்களுக்கு முன்னாலேயே வந்து இறங்கி, நல்ல லயமாகப் பார்த்துக் குடியேறி, உட்கார்ந்திருக்கிறது!

எந்தப் பெட்டியில் வந்தது? எந்தத் துறைமுகத்துச் சோதனையில் தப்பியது? அம்மைக்கும் வாந்திபேதிக்கும் ஊசி போட்டு ஆளைப் பிடித்து நிறுத்தினவர்கள் இதை எப்படி விட்டார்கள்? இன்றுவரை எனக்குப் பதில் சொன்னவர் இல்லை.

விருந்தாளியின் வயிறு

பிரசங்கியார் ஒரு வாடகை மோட்டார் காரில் வந்தார். வெள்ளை வேட்டி, கழுத்தில் சுற்றின துண்டு, நல்ல உயரம். ரப்பர் மரங்களுக்கு நடுவே நின்று பேசினார். என்ன பேச்சு! கொக்கு குளத்தில் இறங்குவது போல வார்த்தை வார்த்தையாக இறங்கினார். “ஒருத்தன் கை பட்டுத் தீட்டாகிற சோறு உலகத்தில் இல்லை. பசித்தவனுக்குக் கொடுக்காத சோறுதான் தீட்டு” என்றார். நான் கை சிவக்கத் தட்டினேன். கடைசி லயத்துப் பெண்கள் முந்தானையில் கண் துடைத்தார்கள்.

பேச்சு முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்தார். கூடவே பெரிய கங்காணியும் வந்து வாசலோடு நின்றுகொண்டார்.

உள்ளே நாட்டுக்கோழிக் குழம்பு. அஞ்சலை விடிவதற்கு முன்பே எழுந்து அம்மியில் அரைத்து வைத்தது. சோறு, ரசம், முருங்கைக்கீரை. விருந்தாளி கை துடைக்கவென்று தங்காக் ஜவுளிக்கடையில் ஒரு புதுத் துண்டுகூட வாங்கி மடித்து வைத்திருந்தாள். இலை போட்டுத் தண்ணீர் தெளித்தாள்.

அவர் இலையைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். பிறகு வயிற்றைத் தடவினார்.

“அம்மா, மன்னிக்கணும். நாலு நாளா வயிறு சரியில்லை. சமைச்சது எதையும் தொடக்கூடாதுன்னு டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டார். பச்சையா ஏதாவது இருந்தா கொடுங்க, போதும்.”

“கோழி அடிச்சுட்டேனேண்ணே” என்றாள் அஞ்சலை. முகம் சுருங்கியது. மறுகணமே மலர்ந்தது. “செங்குவாங் இருக்கு. அதைத் தின்னா வயிறு குளுகுளுன்னு ஆயிடும். இருங்க.”

கறுக், கறுக் என்று நறுக்கினாள். எலுமிச்சையை வழக்கத்தைவிட ஒரு சாண் உயரத்தில் பிழிந்தாள். உப்புச் சட்டிக்குள் கையை விட்டாள்.

“அம்மா, உப்பு வேண்டாம்.”

“உப்பில்லாமலாண்ணே?”

“டாக்டர் சொல்லியிருக்கார்.”

“ஒரு சிட்டிகை? கிழங்கு வாயில ஒட்டாதுங்களே.”

“வேண்டாம்மா, வேண்டாம்.” மேடையில் அவ்வளவு நிதானமாகப் பேசினவருக்கு இதில் மட்டும் ஏன் இத்தனை அவசரம் என்று எனக்குத் தோன்றவில்லை.

“ரொம்பக் கறாரான டாக்டருதான்” என்று சொல்லிக்கொண்டே அவள் உப்புக் கையை உதறினாள்.

சாப்பிட்டார். எங்கள் இலையில், எங்கள் பாயில், எங்கள் கூரைக்குக் கீழே. முள்ளங்கிக் காரம் தலைக்கேறி இரண்டு தடவை இருமினார். அவர் விரலில் கிழங்கு நீர் ஓடுவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மனசு பந்தியில் போய் உட்கார்ந்துவிட்டது. வாசலில் கங்காணி சிரித்துக்கொண்டு நின்றார். தோற்றவன் சிரிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

“கங்காணியாரோட கொஞ்சம் பேசிட்டு வந்துடறேன்” என்று பிரசங்கியார் எழுந்து போனார். புதுத் துண்டில் கை துடைக்கவில்லை. தன் துண்டிலேயே துடைத்துக்கொண்டார்.

வேலி

வெகு நேரமாகியும் அவர் திரும்பவில்லை. மோட்டார் ஓட்டி வந்த டோலா என்கிற மலாய் இளைஞன் நேரமாகிறது என்று முணுமுணுத்தான். நான் கங்காணி வீட்டுக்குப் போனேன்.

நடு வீட்டில் தலைவாழை இலை. இலை நிறையச் சோறு. கத்தரிக்காய்க் குழம்பு, அப்பளம். ஓரத்தில் எண்ணெய் மினுங்கும் கருவாட்டு வறுவல். சமைத்ததைத் தொடக்கூடாத, உப்பே ஆகாத அந்த வயிற்றுக்குச் சொந்தக்காரர் கருவாட்டை முள் பார்த்துப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

“வா தம்பி, வா. உன் விருந்தாளிக்கு வயிறு குணமாயிடுச்சு” என்றார் கங்காணி.

நான் பிரசங்கியாரைப் பார்த்தேன். அவர் நிமிரவில்லை. கை சோற்றுக்குள் ஒரு கணம் நின்றது. பிறகு பிசைந்தது.

“எங்க வீட்டுல கை நனைச்சுட்டாரு. எல்லாரும் பார்த்தாங்க” என்றேன். என் குரல் எனக்கே யாரோ பேசுவது போல இருந்தது.

“பச்சை தின்னா பந்தி ஆகாது தம்பி.” கங்காணி பொறுமையாக விளக்கினார், பாவம், தெரியாத பிள்ளைக்கு என்பது போல. “பழம், இளநி, வெத்தலை, கிழங்கு, இதெல்லாம் எவன் கையால வேணும்னாலும் வாங்கலாம். மண்ணுல விளைஞ்சதுதானே. தீ பட்டாலோ உப்பு விழுந்தாலோதான் அது உன் வீட்டுச் சமையல். விவரம் தெரிஞ்சவரு. அதான் உப்பு வேணாம்னாரு.”

இதற்கு நான் என்ன சொல்வது? நாங்கள் வெட்டின பால் இவர்களுக்கு ஆகும். நாங்கள் பிளந்த விறகில் வெந்த சோறு ஆகும். நாங்கள் தோண்டின கிழங்கு ஆகும். எங்கள் விரல் நுனியிலிருந்து நாலு கல் உப்பு உதிர்ந்தால் ஆகாது! கடல் முழுக்க உப்பு. அந்தக் கடலில் மிதந்துதானே எல்லாரும் வந்தோம்?

கங்காணிமேல்கூட எனக்கு அவ்வளவு கோபம் வரவில்லை. அவர் வேலியை வேலி என்று சொல்கிறவர். வேலியே இல்லை என்று மேடையில் பாடிவிட்டு, எங்கே ஆணி அடித்திருக்கிறது என்று இருட்டிலும் தடவிக் கண்டுபிடிக்கிற அந்தக் கை இருக்கிறதே, அதை என்ன செய்வது? எங்களை நம்பவைத்தது அந்தக் கை. எங்கள் கண்ணைத் துடைக்கவைத்தது அந்தக் கை.

வீட்டுக்கு வந்து அஞ்சலையிடம் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன்.

“கருவாடா தின்னாரு?”

“ஆமா.”

“என் கோழிய விட்டுட்டு, அந்த வீட்டுக் கருவாடா?”

“அஞ்சலை, விஷயம் அது இல்ல...”

“அதுவுந்தான் விஷயம்!”

மீதி இருந்த அரைக் கிழங்கை இழுத்துப் போட்டு நறுக்க ஆரம்பித்தாள். பலகை வலித்திருக்கும். முள்ளங்கி, மிளகாய், எலுமிச்சை. இந்தத் தடவை எலுமிச்சையை உயரத் தூக்கவில்லை. உப்பை அள்ளிப் போட்டுப் பிசிறினாள். எனாமல் மங்கில் வழித்துப் போட்டுக்கொண்டு வெளியே நடந்தாள். நான் பின்னால் ஓடினேன்.

மோட்டாரைச் சுற்றி

வழியனுப்பக் கூட்டம் கூடியிருந்தது. பிரசங்கியார் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். கழுத்தில் யாரோ போட்ட மாலை. கங்காணி கதவருகே நின்றார். டோலா முன்னால் குனிந்து எஞ்சினைச் சுற்றப் போன நேரம்.

அஞ்சலை நேராகப் போய்ச் சன்னலுக்குள் மங்கை நீட்டினாள்.

“அண்ணே, இதுல உப்பு போட்டிருக்கேன்.”

கூட்டம் நெருங்கி வந்தது. கங்காணி வீட்டுச் சேதி அதற்குள் எல்லா லயத்துக்கும் போயிருந்தது.

“ஒரு வாய் போதும். டாக்டருக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்.”

பிரசங்கியார் கையைத் தூக்கினார். சத்தியமாகச் சொல்கிறேன், தூக்கினார். மங்கின் விளிம்புவரை விரல் வந்தது. அவர் கண் கங்காணியிடம் போனது, அங்கிருந்து கூட்டத்துக்குப் போனது, மறுபடி மங்குக்கு வந்தது. கடைசி லயத்து ஆட்கள் அத்தனை பேரும் அந்த விரல் நுனியில் நின்றுகொண்டிருந்தோம். கிழங்கு நீர் விட ஆரம்பித்திருந்தது.

விரல் மடங்கியது.

“நேரமாச்சும்மா” என்றார்.

எஞ்சின் பக்கத்திலிருந்து டோலா வந்தான். காலையிலிருந்து அந்தப் பையனுக்கு யாரும் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. எட்டிப் பார்த்து, ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டான்.

“செடாப் லா, காக்!” ருசியாக இருக்கிறது அக்கா என்று சொல்லிக் கண்ணை மூடி மென்றான். இன்னொரு பிடி எடுத்தான். பிறகு பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தான். “துவான் தா’ மாவ்?” உங்களுக்கு வேண்டாமா என்று கேட்டான், ஒன்றுமறியாமல்.

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். பிரசங்கியார் முகம் மாலைப் பூவைவிடச் சிவந்தது.

கங்காணி கூட்டத்தைப் பார்த்துக் கையை விரித்தார். “எல்லாரும் பார்த்தீங்கல்ல? பந்தி பழையபடிதான்.”

பழையபடி ஆகவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தத் திருவிழாவுக்குக் கடைசி லயத்திலிருந்து ஒரு ஆள் பந்தல் கால் நடப் போகவில்லை. விறகு பிளக்கப் போகவில்லை. கால்வாய்க்கு அந்தப் பக்கம் தட்டோடு யாரும் உட்காரவில்லை. எங்களுக்கென்று ஒதுக்கின சோறு மறுநாள்வரை அண்டாவில் கிடந்து காக்கைக்குப் போனது. ஒரே பந்தி கிடைத்ததா? இல்லை. அதற்கு வேறு வருஷம், வேறு தோட்டம், வேறு சண்டை. ஆனால் ஆறின சோற்றுக்குக் காத்திருந்தது அன்றோடு முடிந்தது.

எஞ்சின் உறுமியது. கங்காணி விலகிப் போனார். அஞ்சலை மட்டும் சன்னலை விட்டு நகரவில்லை. பிரசங்கியார் தலையைச் சற்று வெளியே நீட்டினார். மேடைக் குரல் போய்விட்டிருந்தது. இது வேறு யாருடையதோ மெல்லிய குரல்.

“தங்கச்சி, நான் பேசினது எல்லாம் நான் நம்புறதுதான். பொய் இல்லை. இந்தக் கைதான் வரமாட்டேங்குது.”

“அப்ப அடுத்த தடவை, வாயையும் வீட்டுலயே விட்டுட்டு வாங்கண்ணே.”